போர்க்கப்பல் கதவின் மறுபக்கம்

ஜூலை 8, செவ்வாய்

கிடர்பூரில் என் பழைய கப்பல் சாமான் கடைக்கு வந்த நாளிலிருந்து சுவரில் சாத்தியே கிடந்த போர்க்கப்பல் இரும்புக் கதவுக்கு இன்று ஆள் கிடைத்தது. இதே நகரத்தில் சால்ட் லேக் பக்கம் காபிக் கடை திறக்கப்போகும் நம்மூர்க்காரர்.

“அண்ணாச்சி, இதுக்கு ஒரு கதை சொல்லுங்க. பக்கத்துல எழுதி மாட்டணும்.”

கதை இல்லாத பழைய சாமான் விலை போகாது. அது சண்டையே பார்க்காத கப்பல் என்றுதான் அதை உடைத்து எனக்குக் கதவை விற்றவன் சொல்லியிருந்தான். நான் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன்.

“குண்டு பட்டுத் தண்ணி ஏறிருச்சு. கப்பல் முழுகக் கூடாதுன்னு இந்தக் கதவ வெளிய இருந்து இறுக்கிட்டாங்க. உள்ள ஆளு இருந்துச்சு சார்.”

கதவைத் திருப்பச் சொன்னார். திருப்பினோம்.

“அதான் இவ்வளவு அடியா?” என்றார்.

அந்தப் பக்கத்தை நானும் அப்போதுதான் பார்த்தேன். எதையோ வைத்துத் தட்டிய பள்ளங்கள். இடுப்பு உயரத்தில் தொடங்கி, மார்புக்கு ஏறி, மேல் விளிம்பை ஒட்டி நெருக்கமாக முடிந்திருந்தன. அதற்கு மேல் இடமில்லை.

நாளை வண்டியோடு வருகிறார். கொடுத்துவிடுவேன். இனி அதைக் கடையில் வைத்திருக்க என்னால் ஆகாது.

படுக்கப் போகும்போது, “அறைக் கதவச் சாத்தவா?” என்று மனைவி கேட்டாள்.

திறந்தே இருக்கட்டும் என்றேன்.