வண்டிக்கு ஓர் ஆள்

மே 11, திங்கள்

வெயில். அக்னி நட்சத்திரம் வேலையைக் காட்டுகிறது. காலையில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் கேட்டு வாங்கினேன்.

அண்ணன் அறிவிப்பு: ஞாயிறு வேலூர். அவர் மகள் நித்யாவுக்கு முகூர்த்தப் பட்டு. மாப்பிள்ளை வீட்டார் நேராகக் கடைக்கு வந்துவிடுவார்களாம். நம் பக்கம் அண்ணன், அண்ணி, நித்யா, நான். என் பெயரைச் சொன்னபோது அண்ணி பருப்பு கடைவதை நிறுத்தவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன், முட்டாள்.

"அன்னிக்குப் பூரா வண்டிய எங்க நிறுத்தறது?" அண்ணன்.

"அதுக்குத்தான் கலா வர்றாளே." அண்ணி.

நிச்சயப் புடவை எடுத்த அன்றும் இதே கதை. கடைக்கு எதிரே ரோட்டோரம் காரை விட்டுவிட்டு, முன்சீட்டில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். வண்டியில் ஆள் இருந்தால் போலீஸ் சக்கரத்துக்குப் பூட்டுப் போடாது. யாராவது கண்ணாடியைத் தட்டினால், "இதோ வந்துடுவாங்க சார்" என்று சொல்ல வேண்டும். பகல் முழுக்கச் சொன்னேன். புடவையை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

புருஷன் விட்டுப் போனவள் கல்யாணப் பட்டு எடுக்கிற இடத்தில் நிற்கக் கூடாது என்று இந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. வண்டிக்கு ஆள் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். நல்ல குடும்பம். நாசூக்கான குடும்பம்.

சரி. வண்டிக்கு இடம் கிடைத்துவிட்டால் ஆள் எதற்கு?

ஞாயிறுக்குள்: இடம் பார்க்க. மஞ்சள் ஜாக்கெட் தையல்காரரிடம் வாங்க. சிலிண்டர் பதிய.

மே 12, செவ்வாய்

ஷூ ஃபேக்டரி. இன்று லைனில் ஆள் குறைவு, பசை தடவுகிற பேஸ்டிங்கில் நானும் ஷபானாவும் மட்டும். மதியத்துக்குள் பசை சொல்யூஷன் வாசனை தலைக்கு ஏறிவிட்டது. சூப்பர்வைசர் வந்து, "ஜன்னலத் திறந்து வெச்சுக்கோங்க" என்றான். அது திறக்காத ஜன்னல் என்று அவனுக்கும் தெரியும்.

வேன் டிரைவர் ரவியிடம் வேலூரில் நிறுத்த இடம் கேட்டேன். ஊரையே விற்கிறவன் மாதிரி விரித்தார்.

கடையின் கீழ்த்தளம்: பத்து மணிக்குள் நிரம்பிவிடும். நிரம்பினதும் செக்யூரிட்டி கையை ஆட்டுவான், அதோடு சரி.

ஆஸ்பத்திரிப் பக்கம்: மணிக்கணக்கில் காசு. "நோயாளி வண்டிக்கே இடம் இல்ல, உங்க புடவைக்கு எவன் குடுப்பான்?"

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம்: மதியம் வரைதான் விடுவார்கள், பிறகு மறந்துவிடலாம்.

காட்பாடி ஸ்டேஷன்: நாள் முழுக்க விடலாம், கம்மி. ஆனால் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வர ஆட்டோ. போக வர அதற்கு ஆகிற காசு பார்க்கிங்கை விட ஜாஸ்தி. அண்ணன் ஆட்டோவுக்குத் தருகிற ஆளில்லை.

"இன்னாக்கா, நீங்களா கார் ஓட்டறீங்க? எதுக்கு இந்த பேஜாரு?" என்றார் ரவி.

ரவிக்கெல்லாம் இதைச் சொல்ல முடியாது.

ஜாக்கெட் இன்னும் தைக்கவில்லை. தையல்காரருக்கு வாய் மட்டும் நன்றாக ஓடுகிறது.

மே 14, வியாழன்

ஷபானா வாழ்க. அவளுடைய மாமு, அதாவது தாய்மாமன், வேலூரில் இருக்கிறார். பழைய தோல் மண்டி ஒன்று வைத்திருக்கிறார். தோல் வியாபாரம் நின்றுபோய் இப்போது அந்தக் காம்பவுண்டில் வண்டி விட இடம் தருகிறார். கேட் உண்டு, பூட்டு உண்டு. கடைத்தெரு நடக்கிற தூரம். நாள் முழுக்க ஐம்பது ரூபாய்.

போனில் நானே பேசினேன். பேட்டி, அதாவது மகளே, என்றுதான் கூப்பிட்டார். "வா பேட்டி, பத்து மணிக்குள்ள வந்துடு. எடம் புடிச்சு வெக்கிறேன்."

சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னேன். அண்ணன், "ஐம்பதா? பூரா நாளுக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். அண்ணி மோரில் உப்பு ஜாஸ்தி என்றாள். உப்பு போட்டது அவள்தான். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அவள் முகத்துக்காகவே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

நித்யாவிடம் தனியாகக் கேட்டேன், என்ன கலர் என்று.

"அரக்குதான் அத்தை. ஆனா அம்மா பச்சைங்கறாங்க."

"நான் வந்து அரக்குன்னு சொல்றேன், பாரு."

சிரித்தாள். பள்ளிக்கூடம் முடிக்கிற வரை இவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். பேன் எடுத்தது நான். பெரியவளானபோது முதலில் என்னிடம்தான் ஓடிவந்தாள். அண்ணிக்கு அப்போது அண்ணனின் கடையே கதி. இந்த ஒரு புடவையை நான் கையால் தொட்டு எடுத்துத் தர வேண்டும். இதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கப் போவதில்லை.

மே 16, சனி

ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜாக்கெட் வந்துவிட்டது, கை கொஞ்சம் இறுக்கம்.

கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். பிறகு சீயக்காய். பிறகு பாத்திரம் துலக்குகிற சோப்பு. தோல் உரிகிறது, சொல்யூஷன் வாசனை அப்படியே இருக்கிறது. நித்யா பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்தாள். "நாளைக்கு ஜன்னலோரம் நீங்க உக்காருங்க அத்தை. எனக்குத் தலைய வலிக்கும்." விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

அடுப்படியில் அண்ணி தன் தங்கையோடு போனில்: "எடம் கெடச்சிடுச்சாம்டி... ஆமா, இவளே தேடிப் புடிச்சிருக்கா... இன்னா பண்றது, சம்பந்தி வேற வர்றாங்க... பாத்துக்கலாம் வுடு."

பார்த்துக்கொள்ளட்டும்.

மே 17, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளிகொண்டா டோலில் கூட்டம். பத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண்டி. மாமு கேட்டில் நின்றிருந்தார், வெள்ளைத் தாடி, லுங்கி, கையில் சாவி. வேப்பமர நிழலில் இடம். தரையில் தோலுக்குப் போட்ட பழைய உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதைவிட நல்ல பார்க்கிங் இந்த ஜில்லாவில் கிடையாது.

நான் இறங்கி முந்தானையைச் சரி செய்துகொண்டேன். அண்ணி இறங்கவில்லை. கண்ணாடி வழியாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"புது எடம். யாரு எவருன்னு தெரியாது. கண்ணாடிய ஒடச்சிட்டுப் போய்ட்டான்னா? கலா, நீ வண்டிலயே இரு. சாப்பாடு வாங்கியாறோம்."

"அண்ணி, கேட்ட பூட்டிடுவாங்க."

"அதான் நல்லதாப் போச்சு. நீயும் பத்திரமா இருப்ப."

அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போனில் அப்போது ஒன்றும் இல்லை, திரை கறுப்பாக இருந்தது. நித்யா சாலையில் நின்று வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். போனார்கள்.

உட்கார்ந்தேன். நானே தேடி, நானே பேசி, நானே இடம் பிடித்து, அதற்குள் நானே உட்கார்ந்தேன். இதை நினைத்து எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியவில்லை.

மாமு வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்னா பேட்டி, உள்ள ஒக்காந்துகினு? காசு வாங்கினேன்ல, காவல் என் வேல. நீ போய் உன் புள்ளைக்குப் பொடவ எடு."

போனேன். இப்போது நினைத்தால் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் போனேன்.

பட்டு மூன்றாவது மாடி. லிஃப்ட்டில் ஏறும்போது மல்லிகை, ஏ.சி., எனக்கே கல்யாணம் மாதிரி ஒரு படபடப்பு. வெள்ளை மெத்தையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அரக்கும் பச்சையும் விரித்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "இவங்க?" என்றார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் நித்யா முந்திக்கொண்டாள்.

"வண்டிக்கு வந்தவங்க." என்னைப் பார்த்து, மெதுவாக, "அத்தை, வண்டில யாரு இருக்காங்க? நீங்க போங்க. இன்னிக்கு வேணாம்."

அண்ணி சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணி சொல்வாள் என்று இத்தனை நாள் தயாராக இருந்தேன். இவள் சொன்னாள். வண்டிக்கு வந்தவள். அத்தை என்று கூடச் சொல்லவில்லை அந்த அம்மாவிடம்.

விற்பனைப் பெண் எனக்கும் ஒரு ஜூஸ் நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஏன் விட வேண்டும்?

மாமு டீ அனுப்பினார்.

மதியத்துக்கு மேல் அண்ணன் மட்டும் வந்தார். வியர்வை. இரண்டு கையிலும் பை. "அரக்குதான் எடுத்தாச்சு. இன்னும் பாத்திரக் கடை இருக்குது, கை கொள்ளல. இத வெச்சுக்கோ. பத்திரம்." சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தந்தார், தயிர் சாதம். "சம்பந்தி எதிர்ல இன்னா பண்றது கலா, நீயே சொல்லு." போய்விட்டார்.

முகூர்த்தப் பட்டு, பெட்டியோடு என் மடியில். நான் பார்க்கக் கூடாது, நிற்கக் கூடாது. காவல் மட்டும் காக்கலாம்.

தயிர் சாதத்தைச் சாப்பிட்டேன். கையைக் கழுவினேன். பெட்டியைத் திறந்தேன்.

அழகு. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு அழகு. பாதி மடிப்பைப் பிரித்து என் தோளில் போட்டேன். டிரைவர் பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடியைத் திருப்பி வைத்து முகத்தைப் பார்த்தேன். பிறகு முந்தானையைத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன். ஜன்னல் ஏற்றிய கார், அந்த வெயில், என் வியர்வை, என் கை. ஜரிகையை விரல்களால் முழுக்கத் தடவினேன். அவசரமே இல்லை. நிழல் காரை விட்டு நகர்கிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அழுதேனா என்றால், கொஞ்சம். நல்லா இருக்கட்டும் என்று நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. வராததை எதற்கு எழுத வேண்டும்?

மடிப்பு மாறாமல் மடித்து வைத்தேன். ஏற்றுமதிப் பெட்டியில் ஷூ அடுக்குகிற கை, கோடு பிசகாது. வந்தார்கள். அண்ணி முதலில் பெட்டியைத்தான் தொட்டுப் பார்த்தாள். "தொறக்கலயே?"

"நான் எதுக்கு அண்ணி?"

வருகிற வழியெல்லாம் நித்யா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தலைவலி இல்லை போல.

மே 18, திங்கள்

வெயில். தண்ணீர் வந்தது. சிலிண்டர் பதிய மறந்தேன்.

சாயந்திரம் தெருப் பெண்கள் எல்லாம் பட்டு பார்க்க வந்தார்கள். அண்ணி விளக்கேற்றி, பெட்டிக்குக் குங்குமம் வைத்துத் திறந்தாள். "மொதல்ல என் கைதான் படணும்னு நான் யாரையும் தொட வுடல" என்று எதிர் வீட்டுக்காரியிடம் பெருமை. பிறகு என்னிடம், "கலா, நீ அங்கயே நின்னு பாரு. கை வாசன ஒட்டிக்கும்."

அங்கேயே நின்றேன்.

நித்யா எடுத்துத் தோளில் போட்டாள். கண்ணாடி பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அம்மா, இன்னாம்மா இது, சொல்யூஷன் மாதிரி வாசன அடிக்குது?"

அண்ணி புடவையில் முகத்தைப் புதைத்து ஆழமாக இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அசல் பட்டுடி. அப்டித்தான் இருக்கும். உனக்கு இன்னா தெரியும்? கேளு உங்க அத்தைய."

"ஆமாம் நித்யா" என்றேன். "கட்டக் கட்டப் போய்டும்."

போகாது. இத்தனை வருஷமாக என் கையை விட்டுப் போகவில்லை.