நாற்பதடிக் கிணறு

கோவில்பதாகை, ஆவடி
1942 அக்டோபர் 19

அன்புள்ள ஹில்டாவுக்கு,

கர்த்தர் உன்னையும், உன் பராமரிப்பில் இருக்கும் நோயாளிகளையும் காப்பாராக. நானும் குமாரியும் சுகம். உன் ராணுவ ஆஸ்பத்திரியின் நம்பரை மட்டும்தான் உறைமேல் எழுத வேண்டுமாம், ஊர்ப் பெயர் கூடாதாம். இந்தக் கடிதம் எந்தத் திசையில் போகிறதென்றுகூட எனக்குத் தெரியாது.

இங்கே மழை தொடங்கிவிட்டது. சமையலறைக்கு மேலே உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டேன். ஜப்பான்காரன் குண்டு விழும் என்று பட்டணத்திலிருந்து ஓடிவந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். குமாரியின் பள்ளிக்கூடம் மட்டும் இன்னும் அரக்கோணத்தில்தான் நடக்கிறது.

பள்ளிக்கூடம் அங்கே மாறியபோது குமாரியையும் விடுதியில் சேர்க்கச் சொன்னாய். வயசுப் பெண்ணை வெளியூரில் விடமாட்டேன், வீட்டிலேயே ஒரு வாத்தியார் இருக்கிறேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வீட்டில் படித்தாலும் தலைமையாசிரியை சோதித்துப் பார்த்துத் தகுதி உண்டென்றால் மார்ச் மாதப் பரீட்சைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். சரித்திரமும் தமிழும் எனக்குக் கஷ்டமில்லை. பௌதிகம்தான் புரியவில்லை. இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அகராதியில் அர்த்தம் கிடைத்தது, விஷயம் கிடைக்கவில்லை. ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கிறவனுக்குக் காற்றின் அழுத்தம் எப்படித் தெரியும்? தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

சேக்காட்டு உலகநாதன் மகள் ராணியும் நம் வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினாள். விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு ஹைஸ்கூல் எதற்கு என்று ஊரே கேட்டபோது, அவள் தாயார் அன்னம்மாளிடம் நடையாய் நடந்து நீ சேர்த்துவிட்ட பெண். அவள் வந்த பிறகு எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. பௌதிக வாத்தியார் வீடு எது என்று யாரோ தெருவில் விசாரித்தார்களாம். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன், ஹில்டா.

பம்பைப் பற்றிய பாடம் வந்தது. பம்பு தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது, கிணறு ஆழமானால் பலசாலியாகப் பார்த்து இழுக்கச் சொன்னால் போதும் என்று இருவருக்கும் விளக்கினேன். ராணி அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள். குமாரி அன்றிரவு புத்தகத்தைத் தானே எடுத்துப் படித்தாள். மறுநாள் ராணி வருவதற்கு முன், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு காகிதத்தால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். தண்ணீர் கொட்டவில்லை. கீழேயிருந்து காற்றுத்தான் தாங்குகிறது, கிணற்றிலும் தண்ணீரைக் காற்றுத்தான் மேலே தள்ளுகிறது, அதன் பலமே முப்பத்துநாலு அடியோடு சரி, அதற்குமேல் எந்தப் பலசாலி இழுத்தாலும் வராது என்றாள். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்த பிறகு நான் செய்ததுதான் என்னைத் தின்கிறது. ராணிக்கு முன்னால் இதைக் கிளப்பாதே, நமக்குள் இருக்கட்டும் என்று குமாரியிடம் சொன்னேன். சரிப்பா என்றாள்.

போன வாரம் தலைமையாசிரியை ரயிலேறி நம் வீட்டுக்கே வந்தார்கள். உலகநாதனும் அன்னம்மாளும் நல்ல துணி உடுத்தி வந்து உட்கார்ந்திருந்தார்கள். பல கேள்விகளுக்கு இரண்டு பெண்களும் நன்றாகவே பதில் சொன்னார்கள். பிறகு, நாற்பதடி ஆழத்தில் தண்ணீர் கிடக்கும் கிணற்றுக்கு மேலே பம்பு வைத்தால் தண்ணீர் வருமா என்று கேட்டார்கள். ராணி எழுந்து, பலமாக இழுத்தால் வரும் என்று கணீரென்று சொன்னாள். தலைமையாசிரியை குமாரி பக்கம் திரும்பினார்கள். குமாரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ராணி சொன்னதுதான் டீச்சர்" என்றாள் நம் மகள்.

இரண்டு பேரையும் இந்த வருஷம் பரீட்சைக்கு அனுப்ப முடியாது, அடிப்படையே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்தார்கள். எல்லோரும் போன பிறகு, தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று குமாரியைக் கேட்டேன். கேட்கவே எனக்கு யோக்கியதை இல்லை.

"நான் வேற மாதிரி சொல்லியிருந்தா எல்லாரும் உங்களத்தானே பாத்திருப்பாங்க" என்றாள். அழக்கூட இல்லை. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

விடிந்ததும் அரக்கோணம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தலைமையாசிரியை என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். உங்கள் மகளுக்காக வந்திருக்கிறீர்கள், அந்த இன்னொரு பெண்ணுக்கு நீங்கள் கற்பித்தது தப்பு என்று சொன்னீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். முதலில் அதைச் செய்துவிட்டு இரண்டு பேரையும் அழைத்துவாருங்கள் என்றார்கள்.

அங்கிருந்து நேரே சேக்காடு போய், உலகநாதன் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"இன்னா வாத்யாரே, தெரிலன்னா தெரிலன்னு சொல்றதுக்கு இன்னா? நீங்க சொன்னதத்தானே அது நம்பிகினு கீது" என்றார்.

ராணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி சோதித்ததில் குமாரி தேறிவிட்டாள். விடுதியில் இருந்து படித்தால் மார்ச்சில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். ராணிக்கு நான் தப்பாகக் கற்பித்தது அந்தப் பம்புப் பாடம் மட்டுமில்லை. நான் சொன்ன பல விஷயங்கள் அவள் மனதில் தப்பாகவே பதிந்திருந்தன. புத்தகத்தைத் தானே படித்துப் பார்க்கும் துணிச்சல் குமாரிக்கு இருந்தது. ராணி என்னை நம்பினாள். அவளை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். விடுதியில் அவளுக்கும் இடம் தருவார்களாம். ஆனால் திருநின்றவூரில் ஒரு வரன் இருப்பதாக உலகநாதன் பேசத் தொடங்கிவிட்டார்.

வருகிற திங்கட்கிழமை குமாரியை அரக்கோணத்தில் விட்டுவிட்டு வருவேன். நீ அன்றைக்கே சொன்னாய். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்னம்மாளுக்கு நீ ஒரு கடிதம் போடு. ராணி அதைப் படித்துக் காட்டுவாள். இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல். என் சொல்லுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை, இருக்க நியாயமும் இல்லை. உன் சொல்லுக்கு உண்டு. ஆஸ்பத்திரியில் உனக்கு ஓய்வு கிடைப்பதே அபூர்வம் என்று தெரியும். ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால், எனக்கு எழுத வேண்டாம், ஹில்டா. அவளுக்கு எழுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன்
பிரகாசம்