அண்ணனைப் பார்க்கப் போன ரயில்

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா?

அண்ணன் வந்து சொல்வதற்குள் நானே போனில் எழுதிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வரும் வழியில் அவனுக்கு இங்கே விமானம் மாற நான்கு மணி நேரம் இருந்தது. மூன்று வருடம் கழித்துப் பார்க்கப் போகிறோம் என்று லாண்டரியில் விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். "முன்பெட்டியில ஏறு" என்று மேஸ்திரி சொல்லித்தான் அனுப்பினார். ரயில் மேடையில் ஒருவர் போனில் மனைவியோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கேட்கச் சுகமாக இருந்தது. அவர் பின்பெட்டியில் ஏற, நானும் ஏறிவிட்டேன். இங்கே விமான நிலையம் இரண்டு. வழியில் ரயிலும் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஒன்றுக்கும் பின்பாதி மற்றொன்றுக்கும் போகுமாம்.

"மூணாவது வாசல்ல நிக்கிறேன், எங்கடா இருக்க?" என்றான் அண்ணன் போனில்.

"நானும் மூணாவது வாசல்லதான் நிக்கிறேன்!"

"டீக்கடை தெரியுதா?"

"தெரியுதே. நீ தூணுக்குப் பின்னாலயா இருக்கண்ணா?"

இருவரும் கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் தேடினோம். காவலர் ஒருவர் சுவரில் இருந்த நிலையத்தின் பெயரைக் காட்டிய பிறகுதான், நான் நிற்பது மற்ற விமான நிலையம் என்று விளங்கியது. அண்ணன் இருந்த இடத்துக்குப் போக நேரமில்லை.

"விடுடா. உன்னைப் பாத்துட்டேன்னே அம்மாகிட்ட சொல்லிடுறேன்" என்றான்.

அவன் அப்படிச் சொன்னால் நம்பியதுபோலவே இருந்துவிடுங்கள். உங்களுக்கு வாங்கிய முழங்கால் பட்டையைத் தபாலில் அனுப்புகிறேன். அண்ணனை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நான் எப்படி இருக்கிறேன் என்று அவன் சொல்வதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.