துரை மடியில் விழுந்த மாம்பழம்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். தலைவலியெல்லாம் இங்கே எனக்குத்தான். நீங்கள் போய் வருஷம் ஒன்றாகிறது, உங்கள் பஞ்சாயத்து மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

விஷயம் இதுதான். சென்னையில் தமிழில் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்று போடுகிறார்களாம். பிரெஞ்சுக்காரன் போய் நம் ஊரும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டதல்லவா, காரைக்காலுக்கும் அதில் இடம் உண்டாம். எழுதி அனுப்பும்படி பள்ளிக்கூட வாத்தியாரான எனக்குக் கடிதம் வந்தது. இருபது வரிதான் எழுத வேண்டும். ஊரின் சுவையான வழக்கங்களைச் சேர்க்கலாம், தனி மனிதர் பெயர் கூடவே கூடாது என்று கண்டிப்பு வேறு.

தனியாக எழுதித் தொலைத்திருக்கலாம். புத்தி கெட்டுப்போய் வக்கீல் சபாபதியையும் கடைத்தெரு சுல்தான் மரைக்காயரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வக்கீலுக்கு எல்லையோரம் இருந்த அந்த வீடு வந்தே ஆக வேண்டும். கூடம் பிரெஞ்சுக்காரனுக்கு, கொல்லை இங்கிலீஷ்காரனுக்கு என்று இருந்ததே, அதேதான்.

"கொல்லையில கோழி முட்டை போட்டா, அதை அடுப்படிக்குக் கொண்டு வர்றது கடத்தலா இல்லையா? இதை எழுதாம என்ன களஞ்சியம் ஓய்?"

மரைக்காயர் விடுவாரா? "எங்க வாப்பா கப்பல்ல ஏறின பூனை பினாங்கு போயி, ஊரைச் சுத்திப் பாத்துட்டு, அதே கப்பல்ல திரும்பி வந்துச்சு வாத்தியாரே. அல்லா மேல ஆணையா நெசம்!" பூனை தனி மனிதர் இல்லையே, பிறகென்ன தடை என்று வாதம் வேறு.

கோயில், குளம், நெல், மீன் என்று எழுதியதில் கடைசியாக ஒரு வரிக்குத்தான் இடம் மிச்சம். அதற்காகக் கோழியும் பூனையும் மல்லுக்கு நிற்கையில் அக்கா காப்பி கொண்டுவந்தாள். உங்களுக்குப் பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"அவரு எறிஞ்ச மாம்பழத்தைப் போடு."

மறந்திருக்க மாட்டீர்கள். மாங்கனித் திருவிழாவில் சாமி வீதியுலா வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்க, பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். வருஷா வருஷம் நின்றும் கூட்டத்தில் அக்கா கைக்கு ஒன்றும் சிக்கவில்லை. பார்த்தீர்கள், நீங்களே மாடியேறிவிட்டீர்கள். பெண்டாட்டிக்கென்று குறி பார்த்து எறிந்த ஒரே புருஷன் இந்த ஊரில் நீங்கள்தான்.

அது நேரே போய், நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சுத் துரை மடியில் விழுந்தது. கல்யாணமாகாத மனுஷன். ஒன்றும் புரியாமல் அங்கேயே கடித்துத் தின்றுவிட்டார். கூட்டம் மொத்தமும் கைகூப்பி வாழ்த்த, அவரும் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் தலையசைத்தார். அக்கா வெறும் மடியோடு வீட்டுக்கு வந்து உங்களைப் பிடித்த பிடி இருக்கிறதே! "ஒரு பழத்தை ஒழுங்கா எறியத் தெரியுதா இந்த மனுஷனுக்கு?"

"பேரு போடக் கூடாதாம்க்கா," என்றேன்.

"புள்ளையா குட்டியா, அவரு பேரைச் சொல்ல யாருடா இருக்கா? நான் போயிட்டா, எனக்குன்னு அவரு எறிஞ்சதும் போச்சு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது அத்தான். எத்தனை வருஷமாக இதை மனசில் வைத்திருந்தாளோ?

வக்கீல் கோழியைக் கைவிட்டார். மரைக்காயர் பூனையை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"பேருதானே போடக் கூடாது? ஊரு வழக்கம்னு போட்டுடுங்க வாத்தியாரே," என்றார்.

போட்டுவிட்டோம். 'பிள்ளைப்பேறு வேண்டிக் கணவன்மார் மாடியேறித் தத்தம் மனைவியர் மடி நோக்கி மாம்பழம் எறிவது இவ்வூர் வழக்கம்.' ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை செய்தது! அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"குறி தப்புனதை எழுதலையே?"

"இல்லக்கா."

"தொரையை?"

"அவரு பேச்சே இல்ல."

"அப்ப அனுப்பு," என்றாள். அன்றைக்கு இரண்டாம் தடவையும் காப்பி கிடைத்தது.

இனி ஒரு கவலைதான். புத்தகத்தைப் படித்துவிட்டு எவனாவது பார்க்கக் கிளம்பி வந்தால்? காரைக்கால் வாத்தியார் புளுகுகிறான் என்றல்லவா ஆகும்? அதனால் சொல்கிறேன், வருகிற ஆனிப் பௌர்ணமிக்கு நான் மாடியேறி என் பெண்டாட்டிக்கு மாம்பழம் எறியப்போகிறேன். பேரன் எடுத்தவள், சொன்னதற்கே விளக்குமாற்றைத் தேடுகிறாள். அக்காவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். கை தவறி அவள் மடியில் விழுந்தால் என்னைக் கோபிக்காதீர்கள். எறியக் கற்றுக்கொண்டது உங்களைப் பார்த்துத்தான்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
கோவிந்து