ஏரிக்கரைக்குப் போன நிலம்

அடி அண்ணாமலை,
பொங்கல் கழிந்த வாரம்.

அன்பு மகள் கவிநிலாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை செழியனும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் வாசல் கதவைத் திறந்ததும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறோம். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். அம்மாவுக்கு இந்தப் பனியில் முழங்கால் வலி கொஞ்சம் ஜாஸ்தி, தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். நீ அனுப்பிய வீடியோவில் குழந்தை கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், போன் சார்ஜ் தீர்ந்தால்தான் கீழே வைக்கிறாள். அயர்லாந்துக் குளிருக்குக் குழந்தைக்குக் காதை மூடிக் கட்டச் சொல் என்றாள். நீ நர்ஸ், உனக்குத் தெரியாததா, ஆனாலும் எழுதாவிட்டால் என்னை விடமாட்டாள்.

நீ ஒவ்வொரு முறை பேசும்போதும் சரோஜா அத்தைக்கு என்னதான் நடந்தது, முழுதாகச் சொல்லுங்கள் என்று கேட்கிறாய். நான் கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். கடையில் யாரும் இல்லை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். நீ நிறைமாதமாக இருந்ததால் பிரசவம் ஆகும்வரை வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம், அதில் உனக்கு வருத்தம் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். நான் பஸ்ஸில் கண்டக்டராக ஊர் ஊராகப் போய்க்கொண்டு இருந்த காலத்தில் உனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள்தான். எனக்குத் தங்கை, உனக்கு இன்னொரு அம்மா. நீ கேட்பது நியாயம். வாயால் சொல்ல வரவில்லை, எழுதினால் வந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நம் சித்தேரியில் மண் எடுத்தது நீ அங்கே போன பிறகு நடந்தது. அதற்கு முன்னால் இரண்டு மழைக்காலம் வானம் ஏமாற்றிவிட்டது. போர் போட்டவர்கள் எல்லாம் இன்னும் ஆழம் இன்னும் ஆழம் என்று இறக்கிக்கொண்டே போனார்கள், கிரிவலப் பாதையில் லாட்ஜுக்கெல்லாம் லாரியில் தண்ணீர் போயிற்று, நம் பக்கம் கிணறுகள் வற்றி அத்தையும் வேணு மாமாவும் போட்ட மல்லாட்டைச் செடி, ஒரு கடலைகூடப் பிடிக்காமல் பூ விடும்போதே காய்ந்துவிட்டது. விவசாயத்தை நம்பிப் பயனில்லை என்று மாமா ஒரு பழைய டிப்பர் லாரி வாங்கினார். அந்த நேரம் ஏரியைத் தூர் வார அனுமதி வந்தது. தூர் வாரினால் தண்ணீர் நிறைய நிற்கும் என்று ஊரே சந்தோஷப்பட்டது. மேலாக, பரவலாக எடுக்க வேண்டும் என்றுதான் பேச்சு. ஆனால் மண்ணுக்கு வந்த கிராக்கி உனக்குத் தெரியாது, செங்கம் ரோடு பக்கம் பிளாட் போடுகிறவர்களும் ரூம் கட்டுகிறவர்களும் பள்ளத்தை மேடாக்க லோடு லோடாகக் கேட்டார்கள். வண்டி வந்துபோக வசதி என்று ஜேசிபி கரையை ஒட்டியே தோண்டியது. அந்த மண் போகாத வீடு நம் ஊரில் இல்லை. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியே போகிற கால்வாய் மேலேயும் பிளாட் போட்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து பல வருஷம் ஆகிவிட்டதால் யாருக்கும் அது வாய்க்காலாகவே தெரியவில்லை.

இந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. இரவெல்லாம் கொட்டி, விடிந்தும் விடாமல் கொட்டியது. மலை தெரியவில்லை. மத்தியானம் அத்தை போன் செய்தாள். "அண்ணா, கலங்கல்ல தண்ணி போவல, முட்டிக்கிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பி வருது. நாங்க ஸ்கூலுக்குப் போறோம். நீ வராத, அண்ணிகிட்ட சொல்லி அல்லாருக்கும் சாதம் வடிக்கச் சொல்லு" என்று சொன்னாள். எனக்கு அவள் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அம்மா உடனே பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றினாள்.

கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளில் இருந்து ஆட்களை மாமா தன் டிப்பரிலேயே ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார். முதல் நடையிலேயே அத்தையை ஏற்றிவிட்டார். அவள் அங்கே இறங்கி, பிள்ளைகளை எல்லாம் மாடிக்கு அனுப்பிவிட்டு, கொட்டகையில் கட்டிக்கிடக்கும் இரண்டு மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு வயல் வரப்பு வழியாகத் திரும்பிப் போயிருக்கிறாள். மாமா அடுத்த நடைக்கு ரோடு வழியாகப் போய்க்கொண்டு இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அப்போதுதான் கரை உட்கார்ந்தது. உடைந்தது என்று டிவியில் சொன்னார்கள், பார்த்தவர்கள் உட்கார்ந்தது என்றுதான் சொல்கிறார்கள், உள்பக்கம் காலே இல்லாமல் நின்ற கரை அப்படியே கீழே இறங்கிவிட்டது.

பொழுது சாயும் முன்னால் மாடு இரண்டும் நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றன. உடம்பெல்லாம் சேறு. கழுத்தில் கயிறு பாதி தொங்கியது, நனைந்த முடிச்சு அவிழாமல் அரிவாளால் அறுத்துவிட்டிருக்கிறாள். அந்தக் கயிற்றைப் பார்த்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். வடித்த சாதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்த பிறகுதான் கிடைத்தாள். கால்வாயை மறித்துக் கட்டிய சுவருக்கு இந்தப் பக்கம், அடித்துக்கொண்டு வந்த முள்ளோடும் குப்பையோடும் ஒதுங்கிக் கிடந்தாள். நானும் மாமாவும்தான் தூக்கினோம். முகத்தில் காயம் ஒன்றும் இல்லை, நீ அதை நினைத்துப் பயந்துகொண்டு இருக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். கையில் வளையல் அப்படியே இருந்தது. அந்தச் சுவர் மட்டும் இல்லாமல் இருந்தால் தண்ணீர் தன் வழியில் போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார், கரையை ஒட்டித் தோண்டாமல் இருந்தால் என்று இன்னொருவர் சொன்னார், புயல் வராமல் இருந்தால் என்று வேறொருவர். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இந்த முறை தீபம் ஏறியதை நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊர் முழுக்கக் கூட்டம், பாதையெல்லாம் அரோகரா, நம் வீட்டில் ஒரு அகல் இல்லை.

கருமாதி முடிந்ததும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். உடைந்த இடத்தில் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், அடுத்து ஒரு தாழ்வு நிலை வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டு இருந்தார்கள். கரையை அடைக்கக் களிமண் கலந்த நல்ல மண் வேண்டும். ஏரியில் அது இல்லை, எடுத்த இடமெல்லாம் அடிப்பாறையும் சரளையும்தான். வெளியில் இருந்து கொண்டுவர நாளாகும் என்றார் வேலை எடுத்தவர். அப்போது மாமா முன்னால் வந்து, "என் நெலத்துல எடுத்துக்குங்க. கரைக்குப் பக்கத்துலதான் கீது" என்றார். அது அவருக்கு இருக்கிற ஒரே நிலம். அத்தை கல்யாணமாகி வந்த நாளில் இருந்து களை எடுத்த நிலம். மேல் மண் போனால் அப்புறம் எதுவும் விளையாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, துக்கத்தில் இருக்கும்போது இப்படி முடிவெடுக்காதீர்கள் மாப்பிள்ளை, பிள்ளை இளவரசனையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். "மச்சான், நான் ஏத்திக்கினு போன மண்ணு எவன் எவன் வூட்டுக்கு அடியிலயோ கெடக்குது. அத இனிமே எடுக்க முடியாது. இதுதான் என் கைல கீது" என்று சொன்னார். இளவரசன் ஓசூர் கம்பெனியில் இருந்து போன் செய்து, அம்மா போனது போதாதா, நிலத்தையும் தூக்கிக் கொடுக்கிறீர்களா என்று கத்தியிருக்கிறான். பிள்ளை கேட்டதிலும் தப்பில்லை. மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாராம், அவனே வைத்துவிட்டான்.

டிப்பரை அவரேதான் ஓட்டினார். அத்தை இறந்ததில் இருந்து தொடாத வண்டி. தன் நிலத்தில் ஜேசிபி வெட்டுவதைத் தானே நின்று பார்த்து, தானே ஏற்றிக்கொண்டு போய், தானே கரையில் கொட்டினார். ஊரில் பெண்கள் எல்லாம் வரப்பில் நின்று பார்த்தார்கள். வேறு ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன், கேட்கவில்லை. மார்கழியில் மறுபடி மழை பெய்தது. கரை நின்றது. கீழ் வீடுகளில் யாரும் தூங்காமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள், பொழுது விடிந்து கரை அப்படியே இருப்பதைப் பார்த்தபோது சிலர் மாமா வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் வெளியே வரவில்லை.

இப்போது நிலம் இருந்த இடத்தில் பள்ளம், அதில் செந்தண்ணீர் நிற்கிறது, கொக்கு வந்து உட்காருகிறது. கிணறுகள் எல்லாம் மணல் அடைத்துக் கிடக்கின்றன. இவ்வளவு தண்ணீரைப் பார்த்த ஊரில் குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிறோம் என்றால் நம்புவாயா. பொங்கலுக்கு இளவரசன் வந்தான். துக்க வீடு என்பதால் பானை வைக்கவில்லை. அவன் போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் வெகு நேரம் நின்றான், பிறகு வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினான். மாமாவும் எழுந்து போய் வைக்கோல் பிரியால் ஒரு மாட்டைத் தேய்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அம்மா இதைச் சொல்லிச் சொல்லி ஆறுதல் படுகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஏரியில் வண்டி நின்றுபோனதும் செங்கம் ரோட்டுக்காரர்கள் பக்கத்து ஊர் ஏரிக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் கரையை ஒட்டியே தோண்டுவதாகக் கேள்விப்பட்டு மாமா போன வாரம் தனியாக அங்கே நடந்து போயிருக்கிறார். வண்டிக்காரர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். ஒருவன், நீ சம்பாதித்து முடித்துவிட்டாய், இப்போது எங்களுக்கு உபதேசம் பண்ணுகிறாயா என்று கேட்டானாம். மாமா, ஆமாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார். அந்த ஊர்ப் பெண்கள் வந்து விசாரித்து, இவர் யார் என்று தெரிந்ததும் அவர்களும் கூட நின்றார்கள். மண் எடுப்பது நிற்கவில்லை கண்ணு. நிற்கும் என்று நான் உனக்குப் பொய் எழுத மாட்டேன். கரையை விட்டுத் தள்ளிப் போய் எடுக்கிறார்கள். அன்று திரும்பி வந்து நம் வீட்டில் சாப்பிடும்போது, "தள்ளி எடுக்கறாங்க மச்சான்" என்றார். நிலத்தைக் கொடுத்த பிறகு எங்களிடம் அவராக வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு.

எழுத எழுத இருட்டிக்கொண்டு வருகிறது, முடிக்கிறேன். நீ வேலைக்குத் திரும்ப அவசரப்படாதே, பச்சை உடம்பு, பூண்டுக் குழம்பு வைத்துச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உனக்கும் குழந்தைக்கும் அந்த அண்ணாமலையார் நீண்ட ஆயுசும் நல்ல தண்ணீரும் நல்ல காற்றும் தரட்டும், இந்தக் காலத்தில் வேறு எதைச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. மறக்காமல் வேணு மாமாவுக்குப் போன் செய். நிலத்தைப் பற்றிக் கேட்காதே, சாப்பிட்டாரா என்று மட்டும் கேள், குழந்தையைக் காட்டு. அவர் முன்னால் அழாதே. அழுகை வந்தால் அப்புறம் எனக்குப் பேசு, இனிமேல் போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன். நானும் இன்னும் அழுது முடிக்கவில்லை.

உன் அப்பா
அர்ஜுனன்