மூன்றாவது படுக்கை

ஏப்ரல் 12, 2025, சனி

பிக்கப்பின் பின்பெட்டிக்கு மேல் மூடியிருக்கும் பைபர் கூட்டை இன்று கழுவினேன். மாரிப் பனிக்காலம் முழுக்கப் பிடித்திருந்த வீதி உப்பு, மூன்று வாளித் தண்ணீர் போயிற்று. பிறகு உள்ளே மெத்தை விரித்து நானும் றொக்சனும் படுத்துப் பார்த்தோம். ஒன்பது வயது, ஆனால் காலைத் தூக்கி என் வயிற்றில் போட இன்னும் கூச்சமில்லை. "இது எங்கட வீடு அப்பா" என்றான். இரண்டு பேருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது.

இரண்டு பேருக்கு.

ஷெரோன் நடைபாதையில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயும் ஏறிப் பாரன்" என்றேன். "இடமில்லை அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பின்னேரம் வழமைபோல் மெட்ரோவும் பஸ்ஸும் எடுத்து கர்க்லாண்டுக்கு, தாயிடம் போய்விட்டாள். தம்பி என்னோடு நின்றான்.

ஜொய்சியும் நானும் பிரிந்த பிறகு சனி, ஞாயிறு பிள்ளைகள் எனக்கு. ஆனால் எங்கே வைத்திருப்பது? நானே பார்க் எக்ஸ்டென்ஷனில் அக்கா வீட்டு வரவேற்பறைச் சோபாவில் படுக்கிறேன். அதனால்தான் இந்த வாகனம். சோபாவில் படுக்கிறவனுக்கு பிக்கப் எதற்கு என்று கோயில் வாசலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோடையில் ஓக்கா ஏரிக்கரைப் பக்கம் போய் மூன்று பேரும் ஓரிரவு தங்கினால் போதும் எனக்கு.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு வாகனம். கூரையில் மடித்த கூடாரம்! ஏணி வைத்து ஏறிப் படுப்பது. பூசையில் கேட்டது ஒன்றும் ஞாபகமில்லை, இது மட்டும் மண்டைக்குள் நிற்கிறது.

மேலே அவள். கீழே நானும் சின்னவனும். அவளுக்கென்று தனி இடம், சிப் இழுத்து மூடலாம். பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டும்தானே.

கூடாரத்துக்கு முதல் அதைத் தாங்குகிற சட்டம், றாக், வேண்டும். எந்த றாக்? மத்தியானம் முழுக்க வீடியோ பார்த்ததில் தலை சுற்றுகிறது. கூட்டின் கூரையிலேயே துளை போட்டு இரண்டு குறுக்குச் சட்டம் பூட்டலாம். அல்லது கூட்டுக்கு வெளியே, பெட்டி விளிம்பிலிருந்து வளைத்தெடுத்த ஒரு பெரிய சட்டம். ஒருவர் துளை போட்டால் ஒழுகும் என்கிறார். மற்றவர் வெளிச்சட்டம் காற்றில் விசில் அடிக்கும் என்கிறார். இரண்டு பேருக்கும் தாடி இருக்கிறது, இரண்டு பேரும் நிச்சயமாகச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலைதான், ஆனால் இன்று பெட்டிகளை விட்டுவிட்டு வண்டிக் கம்பிகள் எப்படிப் பூட்டியிருக்கின்றன என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏச்சு விழுந்தது.

ஏப்ரல் 19, பெரிய சனி

கூட்டின் கூரை ஆளைத் தாங்குமா என்று பார்க்க அக்காவின் புருசன் யோசெப் அத்தான் தானாகவே முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டார். நல்ல உடம்பு அவருக்கு. நடுவில் போய் நின்றதும் 'மடக்' என்று ஒரு சத்தம்.

அத்தான் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. முன்வீட்டுக் கிரேக்கக் கிழவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். அத்தானைக் குப்புறப் படுக்கச் சொல்லி, காலில் பிடித்து மெல்ல இழுத்து இறக்கினோம். கூரை வெடிக்கவில்லை, நல்ல காலம். "ஷெரோன் மெல்லிசுதானே, தாங்கும்" என்கிறார் மனுசன்.

அக்கா படியில் நின்று கத்தினாள்: "றஜிந்தன், பொம்பிளைப்பிள்ளையை வாகனக் கூரையில படுக்க வைக்கப் போறியோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் ஏணி வைச்சு ஏறியே பாக்கப் போகுது?" என்றேன். சிரித்தாள், ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

லவாலில் உள்ள கடைக்கு ஷெரோனைக் கூட்டிப் போனேன். என் பிரெஞ்சு பொன்ழூர், மெர்சியோடு மூச்சு வாங்கும். கடைக்காரப் பொடியன் வாகனத்தைச் சுற்றி வந்து, கூரையைத் தட்டிப் பார்த்து, படபடவென்று சொல்லத் தொடங்கினான். அவள் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள். வீட்டில் தமிழ் கதைக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற பிள்ளை, அங்கே எவ்வளவு அழகாகச் சொல்லித் தந்தாள்.

"கூரையில மட்டும் பூட்டினா எழுபது கிலோ வரைக்கும் ஓகேயாம் அப்பா. சாமான் வைக்கலாம். ஆள் படுக்கிறதெண்டா உள்ளுக்க நாலு கால் வைச்சு, பாரம் கீழ பெட்டியில இறங்க வேணுமாம்."

"அப்ப கீழ படுக்கிற ஆக்களுக்கு?"

கேட்டாள். "கால் நிக்கிறதால அகலம் குறையுமாம். ஒராள் எண்டா வசதியாம்."

மூன்றாவது படுக்கை போட்டால் இரண்டாவது படுக்கை போய்விடும். இதற்குத்தான் இரண்டு கிழமை வீடியோ பார்த்தேனா!

அப்படியென்றால் வெளிச்சட்டம். விலை கூட, உயரம் கூட, ஆனால் கூட்டில் பாரம் விழாது, உள்ளே இடமும் குறையாது. ஓடர் செய்துவிட்டேன். முற்பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது ஷெரோன் பொடியனிடம் தன்பாட்டில் ஏதோ கேட்டாள். அதில் ஒரு சொல் எனக்கும் விளங்கியது: இவேர், அதாவது மாரி. அவன் சிரித்து, தோளைக் குலுக்கி ஏதோ சொன்னான். அதை அவள் எனக்குத் தமிழில் சொல்லவில்லை.

"என்ன கேட்டனி?"

"ஒண்டுமில்லை."

பின்னேரம் பஸ்சுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

எரிச்சலாக இருக்கிறது. சட்டத்துக்கு ஓடர் கொடுத்தாச்சு, கூடாரமும் பார்த்தாச்சு, அவள் மாரியைப் பற்றிக் குற்றம் கண்டுபிடிக்கிறாள். தாய் வீட்டில் பெரிய அறை, கண்ணாடி மேசை எல்லாம் இருக்கு. என்னட்ட என்ன கிடக்கு? ஒரு மெத்தையும் ஒரு கூடும். நான் என்னதான் செய்யிறது? ஆராவது சொல்லுங்கோவன்.

மே 1, வியாழன்

வேலை இடைவேளையில் எழுதுகிறேன்.

ஏன் மாரியைக் கேட்டாள்? கோடையிலேயே வர விருப்பமில்லாத பிள்ளை மாரியில் இதில் படுக்கலாமா என்று கேட்குமா? ஓக்காவுக்கு ஓரிரவு வந்து போகிறவளுக்கு மாரி எதற்கு?

நவம்பரிலும் ஜனவரியிலும் என்னோடு நிற்கலாமா என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று முன்பின் தெரியாத ஒருவனிடம் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டான். நானோ பக்கத்தில் நின்று முற்பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மடையன். மடையன் நான். தேத்தண்ணீர் ஆறிப் போயிற்று, கண் கலங்குகிறது, பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறான்.

மே 2, வெள்ளி

வெளிச்சட்டத்தை ரத்துச் செய்தேன். போனில், என் பிரெஞ்சில். எப்படியோ விளங்கிவிட்டது.

மே 17, சனி

எங்கள் கோயிலுக்கு வருகிற பற்றிக் என்கிற அண்ணையின் மூன்று தட்டு வீட்டில் மேல்தட்டு வாடகைக்கு வருகிறது, நாலரை. அதாவது இரண்டு படுக்கையறை. இருக்கிறவர்கள் ஜூலை முதலாம் திகதி எழும்புகிறார்களாம், இந்த நகரத்தில் எல்லாரும் வீடு மாறுகிற நாள் அது. அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரம். குளியலறைத் தரை சரிந்திருக்கிறது, குசினி ஜன்னல் பாதிதான் திறக்கும். வாடகை எனக்குக் கொஞ்சம் கூடத்தான். கிழமையில் இரண்டு நாள் கூட நின்று வேலை செய்ய வேண்டும்.

"தனியாளுக்கு நாலரை எதுக்கு றஜிந்தன்?" என்று பற்றிக் அண்ணை கேட்டார்.

"தனியாள் இல்லை அண்ணை" என்றேன்.

மே 24, சனி

பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன். என்னவென்று சொல்லவில்லை. படியேறும்போது ஷெரோன், "இது ஆற்ற வீடு?" என்றாள். சின்ன அறையைக் காட்டி, "இது உனக்கு" என்றேன். 

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். சுவரைத் தடவினாள்.  பிறகு, "என்ன நிறமும் அடிக்கலாமோ?" என்றாள்.

"கறுப்பைத் தவிர."

"கறுப்புத்தான் அடிக்கப் போறன்" என்று றொக்சன் அவளைப் போலவே பேசிப் பழிப்புக் காட்டினான். அடி வாங்கினான். பிறகு என் கையைப் பிடித்து, "அப்ப டென்ற் இல்லையோ?" என்று மெல்லக் கேட்டான். பிக்கப் கூட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் படுக்கிறதில் மாற்றமில்லை என்று சொன்னேன். சமாதானமாகிவிட்டான்.

ஜூன் 14, சனி

வெறும் இரண்டு குறுக்குச் சட்டம், சாமான் ஏற்ற மட்டும். கூரையில் துளை போட்டு, உள்ளே அலுமினியத் தகடு வைத்து, பசை அடித்துப் பூட்டியாயிற்று. அதே கடை, அதே பொடியன். கூடாரம் எங்கே என்று கேட்டான். ஷெரோன் பதில் சொன்னாள், நீளமாக. அவன் தலையாட்டிவிட்டு என் கையைக் குலுக்கினான். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

நகரம் முழுக்க நடைபாதையில் சோபா. ஒரு பிக்கப் வைத்திருப்பவனுக்கு இன்று எவ்வளவு மரியாதை!

ஜொய்சி கர்க்லாண்ட் வீட்டு விருந்தாளி அறைக் கட்டிலைக் கழற்றி, காராஜ் வாசலில் எடுத்து வைத்திருந்தாள். திருகாணிகளை ஒரு பையில் போட்டுக் கட்டியிருந்தாள். "அவளுக்கு முதுகு நோகும், பழைய மெத்தை வாங்கிப் போடாதையுங்கோ" என்றாள். வேறு கதை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் பிடித்து ஒரு பாரம் தூக்கி எவ்வளவு காலம்.

கட்டில் சட்டம் கூட்டுக்குள் போகவில்லை, நீளம். மேலே றாக்கில் ஏற்றினோம், மெத்தை உள்ளே. பட்டியை ஷெரோன்தான் இழுத்துக் கட்டினாள். நெடுஞ்சாலையில் மூன்று தடவை, "மெதுவா அப்பா, மெதுவா" என்றாள். கண்ணாடியில் பார்த்தால், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தன் கட்டிலையே பார்த்துக்கொண்டு வருகிறாள்.

வளைந்த வெளிப்படியில் அதை ஏற்றி முடிக்க எனக்கும் அத்தானுக்கும் உயிர் போய் வந்தது.

ஜூலை 5, சனி

பின்னேரம் சாப்பிட்டுவிட்டு ஷெரோன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கர்க்லாண்ட் வீட்டில் கடைசி வருடம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். யாரோ யாரோடோ கோபம் என்று அர்த்தம். இன்று அந்தப் பழக்கத்தில் எழும்பிப் போய்த் தட்டினேன்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. என்ன செய்யிறாய்?"

"சும்மா இருக்கிறன் அப்பா. பேந்து வாறன்."

உள்ளே பாட்டுப் போட்டிருக்கிறாள். சுவருக்கு அடித்தது ஒருவிதப் பச்சை, வாடை இன்னும் போகவில்லை. றொக்சன் என் கட்டிலில் குறுக்கே படுத்திருக்கிறான். பஸ்சுக்கு நேரம் போய்விட்டது, அவள் எழும்பவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

காலையில் பூசைக்கு அவளை எழுப்ப வேண்டும். கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டும்.