படுத்து ஓடும் புகை

இன்று காலை பேராதனை ஆஸ்பத்திரியில் எனக்கு இரத்தம் எடுத்த நர்ஸ், உருளையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைப் பிய்த்து விரலால் மெல்ல இழுத்தாள். நீ இழுப்பது போலவே இருந்தது. ஊசி குத்தியதே எனக்குத் தெரியவில்லை. "வலிக்குதா ஐயா?" என்று அவள் கேட்டபோதுதான் என் முகம் போன போக்கு எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரி மேல்தட்டிலிருந்து அந்தக் கண்ணாடிப் பெட்டியை இறக்கினேன். ஓடுபாதையில் வயிறு உரச இறங்கிய குட்டி விமானம், இடது எஞ்சினில் தீ. மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வர்ணம் பூசி, தீக்கு வெசாக் பண்டிகைக் காகிதக் கூட்டில் போடுகிற மினுக்கு பல்பு வைத்தது எல்லாம் நான். புகை மட்டும் உன்னுடையது.

நான் செய்த முதல் புகையை நீ மறந்திருக்க மாட்டாய். கம்பியில் பஞ்சைச் சுற்றி, தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கி மாதிரி நேராக நிறுத்தியிருந்தேன். கந்தோரில் என் எதிர்மேசைக்காரனான உன்னை, பாராட்டு வாங்குவதற்காகவே அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தேகமயிலிருந்து வரச்சொன்னேன். நீ குனிந்து பார்த்தாய்.

"பொகை இப்பிடிப் போகாது மச்சான். மொதல்ல கீழ படுத்து ஓடும். பொறவுதான் எந்திரிக்கும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தோட்டத்துல எங்க லயத்து வீடு எரிஞ்சிச்சு. நான் அப்ப நாலாம் வகுப்பு. தங்கச்சி உள்ள இருந்தா."

நான் அடுத்துக் கேட்டதை எழுதக் கை கூசுகிறது. "அப்ப புகை என்ன கலரு?" என்றேன். பல்லில் தூரிகையைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நீ நிதானமாகப் பதில் சொன்னாய். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

மூன்று ஞாயிறு வந்து, நீயே பஞ்சை இழுத்து, கறுப்புப் பூசி, தரையோடு படுக்கவைத்தாய். பல்பைப் போடும்போது மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாய். "சின்ன பல்புக்குப் பயந்து ஓடுறான் பாரு" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அடுக்களையில் நின்றபடி நீயும் சிரித்தாய்.

டவுனில் நடந்த கண்காட்சியில் எங்கள் மேசையை விட்டுக் கூட்டம் நகரவில்லை. எல்லோரும் புகையைத்தான் பார்த்தார்கள். மரக்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா, "உள்ள ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார். நான் பெரிய பகிடிக்காரன் இல்லையா, "இல்லம்மா, எல்லாரும் தப்பிச்சிட்டாங்க" என்றேன். பின்னால் கதிரையில் இருந்த நீ எழுந்து வெளியே போனாய். தங்கச்சியைப் பற்றி நீ சொன்ன அந்த ஒரு வரி, மூன்று வாரம் கழித்து, அப்போதுதான் என் காதில் விழுந்தது.

அப்போதாவது உன் பின்னால் வந்திருக்கலாம். ஆட்கள் பாராட்டிக்கொண்டிருந்தார்கள், நின்றுவிட்டேன். பரிசும் வாங்கினேன். திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து, பஞ்சு கலையாமல் அணைத்துப் பிடித்து வந்தவன் நீ. நான் வழி முழுக்கப் பரிசைப் பற்றியே பேசினேன். பேச்சை நிறுத்தினால் உன்னிடம் கேட்கவேண்டி வருமே என்று பயம்.

பிறகு பதினொரு வருடம் எதிரெதிரே இருந்து வேலை செய்தோம். மழை, இடமாற்றம், உன் மகளின் பரீட்சை, எல்லாம் பேசினோம். இந்தப் பேச்சை மட்டும் நான் எடுக்கவில்லை. நாள் போகப்போகக் கேட்பதற்கே வெட்கமாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை உன் கதிரை காலியாக இருந்தது. நெஞ்சுவலி, முதல்நாள் இரவே நீ போய்விட்டாய் என்றார்கள்.

கொப்பி இன்னும் பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. "அடியில் கறுப்பு. நடுவில் மஞ்சள் கலந்த சாம்பல். கூரைத் தகரம் விழுந்ததும் வெள்ளை." நீ சொன்ன நிறம் ஒன்றையும் நான் விடவில்லை. உன் தங்கச்சியின் பெயர் அதில் இல்லை.

சாயந்தரம் உன் மகளுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெயரையாவது இனிமேல் நான் வைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"அப்பாவுக்குத் தங்கச்சியா?" என்றாள். "அப்பிடி யாரும் இருக்கலையே மாமா."

இந்த உலகத்தில் ஒரே ஒருவனிடம்தான் நீ அதைச் சொல்லியிருக்கிறாய். அவன் புகைக்கு என்ன நிறம் என்று கேட்டான்.